அப்பா அம்மாவுக்கு ஒரு டெஸ்க்டாப்: இந்த லிஸ்ட்டில் எதை மாற்றணும்?

வெளியூரான் கேட்டது:

வணக்கம். அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தரலாம் என்று இருக்கிறேன். நான் இருப்பது வேறு ஊர். ஏதாவது மக்கர் பண்ணினால் உடனே ஓடிப் போய்ப் பார்க்க முடியாது. அதனால் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, ஐந்தாறு வருஷம் தொல்லை இல்லாமல் ஓடணும். செலவும் கையைக் கடிக்கக் கூடாது.

என்ன வேலை: வீடியோ கால், யூடியூப், செய்தி, பேங்க், அப்பாவின் எக்செல் கணக்கு, பழைய போட்டோக்கள், எப்போதாவது பிரிண்ட். கேம் சுத்தமாகக் கிடையாது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, எழுத்து பெரிதாகத் தெரியணும்.

இப்போதைக்கு லிஸ்ட் இது:

ஐ5-12400எஃப் ப்ராசசர்
எச்610 மதர்போர்டு, டிடிஆர்4
8 ஜிபி ரேம் ஒன்று
1 டிபி ஹார்ட் டிஸ்க் (எஸ்எஸ்டி அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று)
கேபினட்டோடு வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை)
27 இன்ச் 1080பி மானிட்டர்
வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ்

அசெம்பிள் பண்ணுவது எனக்கு முதல் தடவை. இதில் எங்கே இடிக்கும்?

---

திருப்புளி:

முதல் வரியிலேயே இடிக்கிறது. இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசியில் "எஃப்" இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமல் இதை மாட்டினால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். உங்களுக்கு ஐ3-12100 போதும். 4 கோர், 8 த்ரெட், உள்ளேயே யுஎச்டி 730 கிராஃபிக்ஸ். யூடியூப் இப்போது நிறைய வீடியோக்களை ஏவி1 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. அதை இந்த சிப் ஹார்டுவேரிலேயே பிரித்துவிடும், ப்ராசசருக்குப் பாரம் இல்லை. ஐ3-14100 கிடைத்தாலும் தாராளமாகப் போடலாம். ஆனால் மதர்போர்டு பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணினால்தான் அதை அடையாளம் கண்டுகொள்ளும். வாங்கும்போதே கேட்டு, அப்டேட் பண்ணித் தரச் சொல்லிவிடுங்கள்.

ஏஎம்டி பக்கம் போவதானால் ரைசன் 5 5600ஜி. 6 கோர், 65 வாட். ஏவி1 ஹார்டுவேரில் இல்லை, ஆனால் 1080பி வீடியோவுக்கு 6 கோர் தாங்கிக்கொள்ளும். பெயரில் "ஜி" இருக்கிறதா என்று கவனியுங்கள். அது இல்லாத 5600, 5500 இரண்டிலும் கிராஃபிக்ஸ் கிடையாது. கதை மறுபடியும் கறுப்புத் திரைதான்.

ஐ5-ஐ விட்டு ஐ3-க்கு இறங்குவதில் மிச்சமாகும் பணத்தை எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி இரண்டிலும் போடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ப்ராசசர் செத்துப்போவது அபூர்வம். சாவது மற்றதெல்லாம்.

எஸ்எம்பிஎஸ்: கேபினட்டோடு இலவசமாக வருவதை நம்பவே நம்பாதீர்கள். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 18 = 216 வாட். மேலே கொட்டை எழுத்தில் 450 என்று போட்டிருந்தாலும் உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது அந்த 216-ஐ ஒட்டித்தான், ஏனென்றால் இன்றைய மெஷினில் ப்ராசசர் முதல் எல்லாமே 12 வோல்ட்டில்தான் வாழ்கிறது. ஒழுங்கான 450 வாட்டில் 12 வோல்ட் மட்டும் 36 ஆம்பியர் பக்கம் இருக்கும். உங்கள் மெஷின் முழு மூச்சில் ஓடினாலும் 120 வாட்டைத் தாண்டுவது கஷ்டம், அதனால் வாட் போதாது என்பதல்ல என் கவலை. விலை மலிந்த யூனிட்டில் ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு சரியாக இருக்காது. அது போகும்போது மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரை உள்ள 450 வாட், ஐந்து வருஷ வாரண்டி. அதற்கு மேல் வேண்டாம்.

டிஸ்க்: "எஸ்எஸ்டி அப்புறம்" என்பதை முதலில் அடித்துவிடுங்கள். விண்டோஸ் 11-ஐ ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் ஆன் பண்ணிவிட்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 500 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி வாங்குங்கள். அதிலும் டிஎல்சி சிப் வகையாகப் பாருங்கள், மலிவான க்யூஎல்சி சிப் நிறைந்துகொண்டே வரும்போது எழுதும் வேகம் படுத்துவிடும். எம்.2 என்ற அதே குச்சி வடிவத்தில் வேகம் குறைந்த சாட்டா வகையும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், போர்டு ஏற்காவிட்டால் டிஸ்க் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டப்பாவில் "என்விஎம்இ" என்று இருக்கணும்.

ரேம்: 8 ஒன்றுக்குப் பதில் 8 + 8. உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போடும். இரண்டு ரேம் இருந்தால் இரண்டு சேனலிலும் போய்வரும். எச்610 போர்டில் ஸ்லாட்டே இரண்டுதான், எனவே ஒரே மாடல் ஜோடியாக வாங்கிவிடுங்கள். 3200 வேகம் போதும். 3600 வாங்கினாலும் எச்610-இல் அது 3200-க்கு மேல் ஓடாது. போர்டு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று இன்னொரு முறை பாருங்கள். ஒரே பெயரில் இரண்டும் விற்கிறது, ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி மாட்ட முடியாது.

மானிட்டர் சரி. ஐபிஎஸ் பேனலா என்று மட்டும் பாருங்கள், ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ கால் பேசும்போது ஓரத்திலிருந்து பார்ப்பவருக்கும் நிறம் மாறாது. 27 இன்ச் 1080பி-யை எழுத்து கொரகொரவென்று இருக்கும் என்று பலரும் திட்டுவார்கள். இந்த வீட்டுக்கு அதுவே நல்லது. 24 இன்ச்சில் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.27 மில்லிமீட்டர், 27-இல் 0.31. ஒன்றும் பண்ணாமலேயே எழுத்து பெரிதாகிவிடும்.

வயர்லெஸ் வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் "கம்ப்யூட்டர் வேலை செய்யல" என்றுதான் போன் வரும். வயர் உள்ளதே வாங்குங்கள். வெப்கேம் லிஸ்ட்டில் இல்லை, டெஸ்க்டாப்பில் தனியாகத்தான் வாங்கணும். மைக் உள்ள 1080பி போதும்.

---

பழையஇரும்பு:

புதுசாகத்தான் கட்டணும் என்று வேண்டுதலா? ஆபீஸில் லீஸ் முடிந்து வரும் மெஷின்களைப் பாருங்க. டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். ஐ5-8500 போட்டது என்றால் 6 கோர். விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும், அதனால் 7-ஆம் தலைமுறை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சு போச்சு.

இதில் பெரிய லாபம் லைசென்ஸ். அந்த மெஷின்களில் விண்டோஸ் கீ மதர்போர்டு ஃபர்ம்வேரிலேயே பதிஞ்சிருக்கும், அதே எடிஷனைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணினா நெட்டில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். புதுசாகக் கட்டினா அந்தச் செலவு தனி.

வாங்கினதும் செய்ய வேண்டியது: பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டுப் புது எஸ்எஸ்டி. போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாத்துங்க, இல்லாட்டி ஒருநாள் தேதி பின்னால போய் எல்லா வெப்சைட்டும் "பாதுகாப்பில்லை" என்று அலறும். ப்ராசசர் மேல இருக்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்து போன பேஸ்ட்டைத் துடைச்சுட்டுப் புதுசு வையுங்க. பயாஸில் பாஸ்வேர்டு பூட்டு இருக்கா என்று காசு கொடுக்குறதுக்கு முன்னாடியே உள்ளே போய்ப் பாருங்க. லினக்ஸ் போடுவதானா இன்னொன்று: டெல்லில் ஸ்டோரேஜ் "ரெய்டு ஆன்" என்று வைத்தே வரும், இன்ஸ்டாலருக்கு என்விஎம்இ டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. பயாஸில் அதை ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாத்துங்க.

---

திருப்புளி:

நல்ல யோசனைதான், ஒரு குறுக்கு உண்டு. அந்த ஒல்லி டெஸ்க்டாப்புகளில் எஸ்எம்பிஎஸ் அந்தந்தக் கம்பெனியின் சொந்த வடிவம். வழக்கமான 24 பின் கனெக்டரே இருக்காது. நாலு வருஷம் கழித்து அது போனால், பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்ட முடியாது. அப்படி வாங்குவதானால் கையகல மினி மாடலாக வாங்குங்கள். அதில் மின்சாரம் லேப்டாப் மாதிரி வெளி அடாப்டர், போனால் அடாப்டர் மட்டும் மாற்றலாம்.

இதே காரணத்தால்தான் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு நான் சாதாரண மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினட்டையே சொல்வேன். உள்ளே இருக்கும் எல்லாமே பொதுவான அளவு. எந்தத் தெருமுனை மெக்கானிக் வந்தாலும் கைவைக்கலாம்.

---

கரண்ட்_கட்:

லிஸ்ட்டில் யுபிஎஸ் எங்கே?

600 விஏ லைன் இன்டராக்டிவ் (வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிக்கட்டும் வகை) வாங்குங்கள். இந்த மெஷினும் மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 60 வாட் அளவுதான் இழுக்கும், 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி கால் மணி நேரம் தாங்கும். ரூட்டரையும் அதிலேயே மாட்டுங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும், வீடியோ கால் அறுந்துபோகும். லேசர் பிரிண்டரை மாட்டவே கூடாது. அது உள்ளே உருளையைச் சூடாக்கும் நொடியில் பல நூறு வாட் இழுத்து யுபிஎஸ்ஸை விழத் தட்டும்.

யுஎஸ்பி சாக்கெட் உள்ள மாடலாகப் பாருங்கள். கேபிளை மதர்போர்டில் செருகினால் பெரும்பாலான மாடல்களுக்கு விண்டோஸ் லேப்டாப் பேட்டரி மாதிரி சதவீதம் காட்டும். 20% வந்ததும் தானே ஷட்டவுன் என்று பவர் ஆப்ஷனில் வைத்துவிட்டால், அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் டிஸ்க்குக்கு ஆபத்தில்லை. பேட்டரி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும் என்று இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கேபினட் ஸ்க்ரூவைத் தொட்டால் விர்ரென்று இருந்தால் வீட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். அது கம்ப்யூட்டர் கோளாறு இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயிண்ட்டுக்கு எர்த் இழுத்த பிறகே மெஷினை மாட்டுங்கள். எந்த யுபிஎஸ்ஸும் இதைச் சரிசெய்யாது.

---

வெளியூரான்:

எல்லோருக்கும் நன்றி. ஐ3-12100, 8 + 8, 500 ஜிபி என்விஎம்இ, பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் என்று மாற்றிவிட்டேன். மூன்று கேள்வி. ஒன்று, அசெம்பிள் பண்ணும்போது முதல்முறைக்காரர்கள் எங்கே தப்பு பண்ணுவார்கள்? இரண்டு, ஆன் பண்ணியும் டிஸ்ப்ளே வராவிட்டால் எந்த வரிசையில் பார்க்கணும்? மூன்று, ரூட்டர் ஹாலில் இருக்கிறது, கம்ப்யூட்டர் வேறு அறையில். வைஃபைக்கு ஒரு சின்ன யுஎஸ்பி டாங்கிள் போதுமா?

---

திருப்புளி:

டாங்கிளில் தொடங்குகிறேன். நகத்தளவு இருக்கும் டாங்கிளை கேபினட் பின்னால் செருகினால் அதற்கும் ரூட்டருக்கும் நடுவே ஒரு இரும்புச் சுவர். அதோடு யுஎஸ்பி 3 போர்ட் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுவதற்கும் பல வீடுகளில் இதுதான் காரணம். முடிந்தால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஆன்டெனா உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் வைஃபை கார்டு. டாங்கிள்தான் என்றால் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு, யுஎஸ்பி 2 போர்ட்டில், மேசை மேல் வையுங்கள்.

இனி அசெம்பிள். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும், நுனியில் காந்தம் இருந்தால் விழுந்த ஸ்க்ரூவைப் பொறுக்க வசதி. ப்ராசசர், கூலர், ரேம், எஸ்எஸ்டி நான்கையும் போர்டு வெளியே மேசை மேல் இருக்கும்போதே மாட்டிவிடுங்கள்.

இந்த சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கும். விரல், துணி எதுவும் படக் கூடாது. ப்ராசசர் மூலையில் இருக்கும் முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோடு பொருத்தி அப்படியே வையுங்கள், அமுக்க வேண்டியதில்லை. லீவரை இறக்கும்போது கொஞ்சம் பலமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது மூடி இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

அடுத்தது கூலர். முதல்முறைக்காரர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பெட்டியில் வரும் கூலருக்கு நாலு மூலையிலும் புஷ் பின். அதன் தலையில் ஒரு அம்புக்குறி பொறித்திருக்கும். அது கழற்றும் திசை. மாட்டும்போது அந்தப் பக்கம் திருப்பியிருக்கக் கூடாது. அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவித்தான் வரும், மேலே இன்னும் தடவாதீர்கள், விரலும் வைக்காதீர்கள். நாலு காலையும் துளையில் உட்காரவைத்து, எதிர் எதிர் மூலையாக அமுக்குங்கள்: முதலில் இடது மேல், பிறகு வலது கீழ், அப்புறம் மற்ற இரண்டு. ஒவ்வொன்றும் "டக்" என்று கேட்கணும். கேட்டதே என்று விட்டுவிடாமல் போர்டைத் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள். நாலு துளையிலும் பிளவுபட்ட பிளாஸ்டிக் கால் வெளியே வந்து, நடுவில் கறுப்பு முள் அதை விரித்துக்கொண்டு நிற்கணும். மூன்று நின்று ஒன்று நிற்காவிட்டால் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், மெஷின் ஓடும், ஆனால் வீடியோ கால் நடுவே சூடேறி இழுவை இழுக்கும். அந்தத் தவறு கேபினட்டுக்குள் போன பிறகு கண்ணுக்குத் தெரியாது.

எஸ்எஸ்டியைச் சாய்வாக நுழைத்து, படுக்கவைத்து, குட்டி ஸ்க்ரூவைப் போடுங்கள். அந்த ஸ்க்ரூ பெரும்பாலும் மதர்போர்டு டப்பாவில் தனிப் பொட்டலத்தில் இருக்கும், கவரோடு குப்பைக்குப் போய்விடப்போகிறது. ரேம் இரண்டும் கிளிப் மூடும் வரை அமுக்கணும், புது ஸ்லாட் நினைப்பதைவிட இறுக்கமாக இருக்கும்.

கேபினட் பக்கம்: பின்பக்கத் தகரத்தை, அதுதான் ஐஓ ஷீல்டு, போர்டுக்கு முன் உள்ளிருந்து அழுத்தி மாட்டுங்கள். அதன் சின்ன நாக்குகளில் ஒன்று லேன் துளைக்குள் மடிந்து போகாமல் பாருங்கள், அப்புறம் கேபிள் நுழையாது. போர்டுத் துளை இல்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டிக் கால்) இருந்தால் கழற்றிவிடுங்கள், அடியில் ஷார்ட் ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 பின், அப்புறம் ப்ராசசர் பக்கத்தில் 8 பின். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6+2-ம் 8 பின்தான், அதைப் பலவந்தமாக ப்ராசசர் சாக்கெட்டில் திணிக்காதீர்கள். சரியானது 4+4 ஆகப் பிரியும். முன்பக்க யுஎஸ்பி 3-க்கு வரும் தடித்த நீலக் கனெக்டரை நேராகச் செருகணும், சாய்த்தால் போர்டில் உள்ள பின் வளையும். பவர் ஸ்விட்ச் வயரை எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும், எல்இடி-க்கு மட்டும்தான் பிளஸ் மைனஸ்.

டிஸ்ப்ளே வராவிட்டால்: மானிட்டரில் சரியான இன்புட் தேர்ந்திருக்கிறதா, பிறகு 8 பின் மாட்டியிருக்கிறதா. ஃபேன் சுற்றியும் படம் வராததற்கு முதல் சந்தேக ஆசாமி அந்த 8 பின். அடுத்து இரண்டு ரேமையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் நன்றாக அமுக்கிப் பாருங்கள், அப்புறம் மற்றதை. அதற்கும் மசியாவிட்டால் மின் இணைப்பைப் பிடுங்கி, சிஆர்2032-ஐ ஐந்து நிமிஷம் வெளியே எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள். கடைசியாக, போர்டைக் கேபினட்டிலிருந்து எடுத்து அட்டைப் பெட்டி மேல் வைத்து ஓட்டுங்கள். அங்கே ஓடி உள்ளே ஓடாவிட்டால் ஸ்டாண்ட்ஆஃப்தான். புதிதாக ரேம் போட்ட முதல் தடவை சில போர்டுகள் ஒன்றிரண்டு முறை தானே அணைந்து எரியும். டிடிஆர்5 என்றால் சில நிமிஷம் கூடக் கறுப்பாக இருக்கும். அதற்குள் பட்டனை அமுக்கிக் கலைக்காதீர்கள்.

ஓடிய பிறகு, விண்டோஸ் போடும் முன்பு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமை மாற்றுங்கள், "ஒன்றுதானே" என்று விடாதீர்கள். பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் உங்கள் மேசையில் ஒரு வாரமாவது ஓடட்டும். கோளாறுள்ள பாகம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே பல்லிளித்துவிடும்.

---

சாளரம்:

ஹார்டுவேர் பேசியாகிவிட்டது. ஆனால் உங்களுக்கு வரப்போகும் போன்களில் முக்கால்வாசி சாஃப்ட்வேருக்காகத்தான் வரும். இன்ஸ்டால் முடிந்த அன்றே இவற்றைச் செய்துவிடுங்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு உங்கள் பெயரில். அப்பா அம்மாவுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு. உள்ளே நுழைய பாஸ்வேர்டுக்குப் பதில் எண்கள் மட்டும் உள்ள பின் நம்பர் வையுங்கள். தமிழ் கீபோர்டைச் சேர்த்த வீடுகளில் ஒரு வினோதச் சிக்கல் வரும்: லாக் திரையில் கீபோர்டு தமிழில் நின்றுவிடும், பாஸ்வேர்டை எத்தனை முறை சரியாக அடித்தாலும் தப்பு என்றே சொல்லும். எண் என்றால் அந்தத் தொல்லை இல்லை. மொழி மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

"ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்"பை அணையுங்கள். அது இருக்கும் வரை ஷட்டவுன் என்பது உண்மையான ஷட்டவுன் இல்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலைத் தூங்கவைத்து டிஸ்க்கில் எழுதிவிட்டு, அடுத்தமுறை அதையே எழுப்பும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அப்பா" என்று நீங்கள் சொல்ல, அவர் அப்படியே செய்ய, கோளாறு அங்கேயே இருக்கும். ரீஸ்டார்ட் மட்டும்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். என்விஎம்இ இருப்பதால் அதை அணைத்தாலும் காத்திருப்பு சில நொடிதான் கூடும். கேபினட் பவர் பட்டனுக்கு ஸ்லீப் இல்லாமல் ஷட்டவுன் என்று வையுங்கள்.

திரையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று மூலையில் வந்து பயமுறுத்துவது வைரஸ் இல்லை. எப்போதோ ஒரு செய்தித் தளத்தில் "அலவ்" அமுக்கியதன் பலன், பிரவுசர் நோட்டிஃபிகேஷன். பிரவுசர் செட்டிங்கில் சைட் பெர்மிஷன் பகுதிக்குப் போய், எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கவே கூடாது என்று மொத்தமாக அடைத்துவிடுங்கள். ஏமாற்றுக்காரர்களுக்குப் பாதிக் கதவு இங்கேயே மூடிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் சேருங்கள். குரோமில் இப்போது அதன் லைட் வடிவம்தான் ஓடும்.

எழுத்து: டிஸ்ப்ளே ஸ்கேல் 125%, அதோடு அக்சஸிபிலிட்டி பகுதியில் டெக்ஸ்ட் சைஸை 115 வரை. இரண்டையும் மிக அதிகமாக ஏற்றினால் சில பழைய சாஃப்ட்வேரில் ஓகே பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். மவுஸ் அம்பையும் பெரிதாக்கிவிடுங்கள்.

ஒன்டிரைவ் தானாக டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இலவசம் 5 ஜிபி மட்டும். உங்கள் வீட்டு போட்டோக்கள் ஒரே நாளில் அதை நிரப்பிவிடும், பிறகு தினமும் "இடமில்லை" என்று எச்சரிக்கை. ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்திவிட்டு, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி பேக்கப்பை ஓட விடுங்கள். லிஸ்ட்டில் இருந்த 1 டிபி டிஸ்க்கைக் கேபினட்டுக்குள் பேக்கப்பாக வைக்கலாமே என்று தோன்றும். மின்சாரம் அடித்தால் இரண்டும் சேர்ந்து போகும், வெளியேதான் இருக்கணும். நீங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

முக்கியமான ஒன்று, பலர் தவறவிடுவது: மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டால், 24எச்2 பதிப்பு முதல், டிஸ்க்கைக் கேட்காமலே என்கிரிப்ட் பண்ணி (பூட்டி) விடும். அதன் சாவி மதர்போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில். பயாஸ் அப்டேட் பண்ணினாலோ, போர்டு மாற்றினாலோ நீல நிறத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்த கீ எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ அதில் சேமித்திருக்கும். கணக்கை மறந்துவிட்டால் போட்டோவெல்லாம் போனது போனதுதான். இப்போதே கீயைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். வீட்டை விட்டு நகராத மெஷின், திருட்டு பயமில்லை என்றால் செட்டிங்கில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து.

---

வெளியூரான்:

அருமை. தூரத்திலிருந்து நான் உள்ளே நுழைந்து சரிபண்ண எது நல்லது? க்விக் அசிஸ்ட் விண்டோஸிலேயே இருக்கிறதே, அது போதாதா? விண்டோஸே வேண்டாம், லினக்ஸ் மின்ட் போடு என்றும் ஒரு நண்பர் சொல்கிறார்.

---

சாளரம்:

ஒரு வேலையை எப்படிச் செய்யணும் என்று காட்டிக்கொடுக்க க்விக் அசிஸ்ட் நல்லது. சரிபண்ண வரும்போது காலை வாரும். ஏதாவது இன்ஸ்டால் பண்ணப் போவீர்கள், அட்மின் அனுமதி கேட்கும் பெட்டி வரும், அந்த நொடியில் உங்கள் பக்கத் திரை கறுத்துவிடும். அந்தப் பெட்டியை விண்டோஸ் வேண்டுமென்றே தனித் திரையில் காட்டுகிறது, க்விக் அசிஸ்ட்டால் அங்கே நுழைய முடியாது. நாம் கொடுத்திருப்பது ஸ்டாண்டர்டு கணக்கு, எனவே அங்கே உட்கார்ந்திருக்கும் அப்பா உங்கள் அட்மின் பாஸ்வேர்டை அடிக்கணும். போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அதற்குப் பதில் சர்வீஸாக (பின்னணியில் எப்போதும் ஓடும்படி) இன்ஸ்டால் ஆகும் ஒன்றைப் போடுங்கள். ரஸ்ட்டெஸ்க் அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டாப். இரண்டிலும் அந்த அனுமதிப் பெட்டி உங்களுக்கும் தெரியும். நிரந்தர பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள். டெஸ்க்டாப்பில் அதன் ஐகான் இருக்க வேண்டாம். போனில் "பேங்க்கிலிருந்து பேசுகிறோம், அந்த சாஃப்ட்வேரைத் திறந்து நம்பர் சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் நம்பியிருப்பதும் இதே வகைக் கருவிகளைத்தான். திரையைப் பகிரச் சொல்லி யார் கேட்டாலும், நீங்கள்தானா என்று அவர்களே உங்கள் நம்பருக்குத் திரும்ப அழைக்கணும் என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்ட் நல்ல தேர்வுதான், 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவி இருப்பதால் கெட்டுப்போனால் முந்தின நாளுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அப்பாவின் எக்செல் ஃபைலில் மேக்ரோ (வேலையைத் தானே செய்யும் குட்டி நிரல்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்ட்டில் எக்செல்லுக்குப் பதிலாக வரும் லிபர்ஆபீஸில் சாதாரணக் கூட்டல் கழித்தல் எல்லாம் வரும், மேக்ரோ பெரும்பாலும் தகராறு பண்ணும். மேக்ரோ இல்லை, பிரிண்டரும் டிரைவர் இல்லாமல் ஏர்பிரிண்ட்டில் ஓடும் மாடல் என்றால் தயங்காமல் மின்ட் போடலாம்.

---

கரண்ட்_கட்:

ரிமோட் என்றதும் ஒன்று. பயாஸில் "ஏசி பவர் லாஸ்" என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை "ஆன்" என்று வைத்தால் கரண்ட் வந்ததும் மெஷின் தானே எழும், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஆனால் கரண்ட் வந்து வந்து போகும் இடமென்றால் பேட்டரி தீர்ந்த யுபிஎஸ்ஸோடு அது எழுந்து எழுந்து விழும். அங்கே "ஆஃப்" என்றே வையுங்கள், அவர்களே பட்டனை அமுக்கட்டும்.

---

வெளியூரான்:

மேக்ரோ இருக்கிறது, எனவே விண்டோஸ்தான். அங்கே அடிக்கடி கரண்ட் போகும், "ஆஃப்" வைத்துக்கொள்கிறேன். பார்ட்ஸ் ஆர்டர் போட்டாயிற்று. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட் 36 ஆம்பியர்.

---

திருப்புளி:

அது போதும். போர்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் மூன்றின் பில்லையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வையுங்கள், வாரண்டிக்கு சீரியல் நம்பரும் வாங்கிய தேதியும் கேட்பார்கள். வெறும் டப்பாக்களை மட்டும் ஒரு வருஷத்துக்குத் தூக்கிப் போடாதீர்கள்.